உள்கோட்டில் நீ விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தை பிறந்ததும் பதிவுத் திருமணம், அடுத்த கிழமை கோயிலில் தாலி என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறார்களாம். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். மகனைவிட நீ ஒரு வயது மூத்தவள் என்று அவருடைய தாயார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறா என்றும் எழுதியிருக்கிறாய். அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி என்னிடம் உண்டு. அவவுடைய மகனைவிட நீ இரண்டு வயது இளையவள். உனக்கு இப்போது இருபத்தேழு வயது என்று நீயும் நாடும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உன் வயது இருபத்து நாலு.

பத்திரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். அனுப்பவில்லை. உனக்குக் கோபம் வரும். அது என்னிடமிருந்து வந்த கோபம், வந்தால் கண் மூக்குத் தெரியாது. முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு. அந்தப் பத்திரம் உன்னுடையதல்ல. அதிலிருக்கும் யோகமலர் என்ற பெயரும் உன்னுடையதல்ல. இரண்டும் உனக்கு மூத்தவளுடையவை. உனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து, பெயர் வைக்குமுன்பே போய்விட்டது என்று சொல்லியிருந்தேனே, அது பொய். அவள் மூன்று வயது வரை இருந்தாள். பெயர் இருந்தது, பத்திரம் இருந்தது, மூக்கில் சளியும் வாயில் ஓயாத கதையும் இருந்தன. ஒழுங்காக நடக்கப் பழகாமல் நேரே ஓடப் பழகிய பிள்ளை. அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறேன் என்று வெறும் பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், நான் பின்னால் ஓடிப் பிடிக்கவேண்டும்.

சீனன்குடாக் காட்டை உனக்கு நான் விவரிக்கத் தேவையில்லை, அங்கேதான் பிறந்தாய். ஆனால் அப்போது அது இன்னும் வெறிச்சென்று கிடந்தது. வெள்ளைக்காரன் தன் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைக்கக் கட்டிய இரும்புக் குதங்கள் வரிசை வரிசையாக மரங்களுக்கு நடுவே நின்றன. அப்பா அவற்றுக்குக் காவல்காரர். குதங்களில் பாதி வெறுமை. வெறுங்குதத்துக்குப் பக்கத்தால் நடந்தால் நமது காலடி கொஞ்சம் பிந்தி உள்ளேயிருந்து திரும்பி வரும், யாரோ கூடவே நடப்பதுபோல. எங்களுக்குக் குடியிருக்கக் கொடுத்த குவாட்டஸ் கடைசி வரிசைக்கும் அப்பால், அயலில் ஒரு வீடு கிடையாது. மான் வாசல் வரைக்கும் வரும். மனிதர் என்று பார்த்தால் கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து விறகு வெட்டும் மீரான் காக்கா ஒருவர்தான், எனக்கு ஒரு அண்ணன் மாதிரி. நீ என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த மாரியில் மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்டி வீதி வெள்ளத்தில் கிடந்தது. தோணி போகமுடியாமல் மீரான் காக்காவும் எங்கள் விறாந்தையிலேயே தங்கியிருந்தார். நாலு நாள் பார்த்தோம். ஐந்தாம் நாள் விடிய அவள் இல்லை. சுடலைக்குக் கொண்டுபோக வழியும் இல்லை. அப்பாவும் காக்காவும் கடைசிக் குதத்துக்குப் பின்னால் காட்டுக்குள் கொண்டுபோய்ப் புதைத்து, நரி கிளறாமல் இருக்க மேலே கல் அடுக்கிவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. எந்த இடம் என்று கேட்கவும் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊருக்குப் பொறுப்பான விதானையாரிடம் போய்ச் சாவைச் சொல்லவேண்டும் என்று அப்பா வெளிக்கிட்டார். நான் விடவில்லை. சொன்னால் எழுதுவார்கள், எழுதினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் நீ பிறந்தாய். உன்னைப் பதியப் போனால் மற்றதையும் கேட்பார்கள் என்று அதையும் தடுத்தேன். இப்படியே ஆறு வருடம் போயிற்று. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டிய நேரம் வந்ததும் அப்பா ஒரு காலை வெள்ளைச் சட்டையை எடுத்து வெளியே வைத்தார். "இண்டைக்குப் பதிவுக் கந்தோருக்குப் போய் ரெண்டு பிள்ளையளின்ர அலுவலையும் ஒண்டா முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் மூத்தவளுடைய பத்திரத்தை எடுத்து, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அப்பாதான் கொடுத்தார் என்று இந்தக் கடிதத்தை முதலில் தொடங்கினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். செத்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற துணிச்சல் எனக்கு. செய்தது நான்.

தலைமையாசிரியர் பத்திரத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒன்பது வயசுக்குப் பிள்ளை நல்ல மெலிவு" என்றார். "காட்டுக் காய்ச்சல், ஐயா" என்றேன். அவர் வரவு இடாப்பில் யோகமலர் என்று எழுதினார். அந்த எழுத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று வயதில் போன என் பிள்ளை ஒன்பது வயதாகிப் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள் என்றுதான் சந்தோசப்பட்டேன். வீட்டில் செல்லத்துக்குக் கிளி, பள்ளிக்கூடத்தில் யோகமலர் என்று வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் நாளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாய். அப்பா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

குதங்களுக்கு நடுவே போகும் பாதையால் பள்ளிக்கூடம் மூன்று மைல். நீ நடந்ததே இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பின்னேரம், நீ வருவதை வாசலில் நின்று பார்த்தேன். யாரையோ எட்டிப் பிடிக்கிறவள்போல் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சிரித்துக் கதைத்தபடி ஓடி வந்தாய். பாதையில் வேறு ஒருவரும் இல்லை.

"ஆரோட கதைச்சுக்கொண்டு வாறாய்?" என்று கேட்டேன்.

"முன்னுக்கு ஓடுற அக்காவோட" என்றாய். "அவ நிக்கிறாவே இல்லை அம்மா. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறா இல்லை."

என்ன உயரம் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. நீ உன் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்த்திக் கையைக் காட்டினாய். மூன்று வயது மூத்தவளுக்கு இருக்கவேண்டிய உயரம் அது. நான் உன்னை அறைந்தேன். எதற்கு அறை வாங்கினாய் என்று உனக்கு அன்றும் தெரியாது, இவ்வளவு காலமும் தெரியாது. பிறகு மனம் கேட்காமல் உன்னை வெறுங்குதம் ஒன்றுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்க் கை தட்டிக் காட்டினேன். இந்தச் சத்தம்தான் உனக்கு ஆள்போலத் தெரிகிறது என்றேன். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாய். "இது பின்னுக்கு வாற சத்தம், அம்மா. அவ முன்னுக்கெல்லோ போறா" என்றாய். அதற்குப் பிறகு என்னிடம் அக்காவைப் பற்றி நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் இல்லாத ஒருவரோடு கதைத்தால், அடிக்காதே. யார் என்று கேட்டு, சொல்வதைக் கடைசி வரைக்கும் கேள். நான் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பதினாறு வருடத்துக்கு முன்பே தேவையில்லாமல் போயிருக்கும்.

உன் ஓட்டத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பேருந்துக்குக்கூட ஓடியதில்லை, உனக்கு மட்டும் இது எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்காரர் கேட்டபோதெல்லாம் நான் முருகன் அருள் என்று சொல்லிச் சமாளித்தேன். அருளும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தப் பத்திரம்தான். பத்திரத்தில் உனக்கு மூன்று வயது கூட, அதனால் பள்ளிக்கூடப் போட்டியில் உன்னைப் பெரிய பெட்டைகளோடு விட்டார்கள். நூறு யார் ஓட்டத்தில் நீ கடைசி. இருநூறிலும் கடைசி. அவர்களுடைய கால் நீளம் உன் இடுப்பளவு. ஆனால் விளையாட்டு ரீச்சர் ஒன்றைக் கவனித்தா. வென்றவர்கள் எல்லாரும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இளைக்க, கடைசியாக வந்த நீ வாயை மூடிக்கொண்டு அடுத்தது எப்போது என்று நின்றாயாம். "இந்தப் பிள்ளைக்குத் தூரம் காணாது" என்று சொல்லி உன்னை அரை மைலில் போட்டா. முதற் சுற்றில் எல்லாரும் உன்னை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருத்தியாக உனக்குப் பின்னால் வந்தார்கள். உன் வயதுப் பிள்ளைகளோடு ஓடியிருந்தால் நூறு யாரில் வென்று ஒரு சவர்க்காரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருப்பாய், அதோடு சரி. உன்னை நெடுந்தூரத்துக்குத் துரத்தியது நான் கொடுத்த வயது.

ஒலிபெருக்கியில் அன்று முதல் தடவை அந்தப் பெயர் கேட்டது. முதலாம் இடம், யோகமலர். நான் கதிரையை விட்டு எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் உன் தாய் என்று எனக்கு வழி விட்டார்கள். இதை எழுதத்தான் மூன்று நாளும் எனக்குப் பலம் போதவில்லை. நான் உனக்குக் கை தட்டவில்லை, மகள். மாவட்டப் போட்டிக்கு வந்தேன், கொழும்புக்கு வந்தேன், நீ ஆயிரத்தைந்நூறு மீற்றரில் ஓடினாலும் மூவாயிரத்தில் ஓடினாலும் ஒன்று விடாமல் வந்தேன். இப்படி ஒரு தாய் உண்டோ என்று எழுதினார்கள். நான் வந்தது அந்தப் பெயரை ஊர் கேட்கச் சொல்வதைக் கேட்பதற்கு. நீ வென்று வியர்வையோடு என்னிடம் ஓடி வரும்போது, ஒலிபெருக்கியைக் கேட்கவிடாமல் என்ன இது என்று எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது. நீ அதைக் கண்டிருப்பாய். நீ கவனிக்காத பிள்ளை அல்ல.

உனக்குப் பயிற்சி கொடுத்தவர் உன்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பார் என்று நினைத்துப் பார். நீண்ட ஓட்டத்தில் உள்கோட்டை ஒட்டி ஓடவேண்டும், அதுதான் குறுகிய வழி. நீ எந்த மைதானத்திலும் கோட்டை ஒட்டி ஓடவில்லை. கோட்டுக்கும் உனக்கும் நடுவில் ஒரு ஆள் ஓடக்கூடிய இடத்தை விட்டுவிட்டுத்தான் ஓடுவாய். அவர் தலைகீழாக நின்று பார்த்தார், கோட்டைத் தாண்டி வந்து உன்னோடு ஓடிக்கூடப் பார்த்தார். "ஒவ்வொரு சுற்றிலயும் நாலு யார் தூரம் சும்மா தாரை வார்க்கிறாள், அம்மா. உள்ளுக்கு ஆர் ஓடுறாங்கள் எண்டு விட்டுக்குடுக்கிறாள்?" என்று என்னிடம் முறையிட்டார். அது பழக்கம், மாறாது என்றேன். நீ மூவாயிரத்தில் வென்ற நாள் பத்திரிகையில் வந்த படத்தை நான் இப்போதும் வைத்திருக்கிறேன். உனக்குப் பின்னால் ஒருத்தியும் இல்லை, முன்னாலும் இல்லை. ஆனால் உன் கண் தூரத்தைப் பார்க்கவில்லை. நாலடி முன்னால் போகும் ஒருவரின் பிடரியைப் பார்க்கிறது. எப்படி வென்றாய் என்று அவர்கள் கேட்க, "முன்னுக்குப் போற ஆளை விடாமப் போறன், அவ்வளவுதான்" என்று சொன்னாய். அதை அடக்கம் என்று எழுதினார்கள்.

அப்பா உன் ஓட்டம் ஒன்றையும் வந்து பார்க்கவில்லை. அது உனக்குப் பெரிய குறை என்று தெரியும். வானொலியில் விளையாட்டுச் செய்தி தொடங்கினால் எழுந்து போய் மூடிவிடுவார். பெண்பிள்ளை ஓடுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று உனக்கு நான்தான் சொன்னேன். அவருக்கு நீ ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்க அவரால் முடியவில்லை. தன் கையால் மண் போட்ட பிள்ளையின் பெயர் அது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "உவளுக்கு ஒருக்காச் சொல்லிப்போடு. என்ர சின்னப் பிள்ளையை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்ல" என்றார். சரி என்றேன். நீ வந்து நின்றதும், வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணால் காட்டினேன். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு கிளி, கிளி என்று சொல்லிக்கொண்டே போனார்.

இனிப் போன வருடத்துக்கு வருகிறேன். தம்பலகாமத்திலிருந்து நகர மைதானம் வரைக்கும் வீதி ஓட்டம் வைத்தார்கள், நீ கொழும்பிலிருந்து வந்தாய். சொந்த ஊரில் ஒரு தடவை ஓடவேண்டும் என்று உனக்கு ஆசை. நான் சீனன்குடாச் சந்தியில் தேசிக்காய்த் தண்ணியோடு நின்றேன். காலை ஒன்பது மணி, நல்ல வெளிச்சம். நீ தனியே வந்தாய், இரண்டாம் ஆள் கண்ணுக்கெட்டவில்லை. வீதியின் ஓரத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டபடிதான் அப்போதும் வந்தாய். நகரத்துக்கு நேரே போகவேண்டும். நீ என்னைப் பார்க்காமல், வேகம் குறையாமல், சந்தியில் திரும்பிக் குதப் பாதைக்குள் போனாய். கொடியோடு நின்ற பொடியன் கத்தினான். நீ கேட்கவில்லை. மரங்களுக்குள் போய் மறைந்துவிட்டாய். கொஞ்ச நேரம் வெறுங்குதங்களிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. அது உன்னுடைய ஒருத்தியின் சத்தம் அல்ல. எதிரொலி என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் உன்னைத் தேடிப் போனார். நான் பின்னால் ஓடினேன், என் வயதில். கடைசிக் குதத்துக்குப் பின்னால், காட்டுக்குள், பாசி பிடித்த ஒரு கல் அடுக்குக்கு முன்னால் நீ நின்றாய். இளைப்புக்கூட இல்லை. அந்தக் கல்லை நான் என் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஏன் பாதை மாறினாய் என்று அவர் கேட்டார். "அவ திரும்பினா, நானும் திரும்பினன். இஞ்ச வந்து நிண்டுட்டா" என்றாய். அவர் சிரித்தபடி, "இப்ப எங்க நிக்கிறா?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து பார்த்து, "அம்மாவுக்குப் பக்கத்தில" என்றாய்.

வெயில் என்று நான் சொன்னேன். தேசிக்காய்த் தண்ணியைக் குடிக்கக் கொடுத்தேன். உப்புக் குறைந்தால் இப்படித்தான் என்று வைத்தியரும் சொன்னார். பின்னேரம் நித்திரையால் எழும்பியபோது உனக்கு ஒன்றும் நினைவில்லை, சந்தி வரைக்கும் வந்ததுதான் தெரியும் என்றாய். நான் அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். என் இடப்பக்கத்தில் ஒரு குளிர் நின்றது, அது வீடு வரைக்கும் வந்தது, அதை இழந்துவிடுவேனோ என்று பேசாமல் இருந்தேன். நீ கொழும்புக்குத் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் ஓட்டத்தை விட்டுவிட்டதாக எழுதினாய். முன்னால் ஆள் இல்லாமல் எனக்கு ஓட வரவில்லை அம்மா என்று ஒரு வரி. ஒரு பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற மற்றப் பிள்ளையின் காலைக் கட்டிவிட்டேன் என்று அந்த வரியை வாசித்த அன்று தெரிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கல்யாணக் கடிதம் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பத்திரத்தை அனுப்பினால் கல்யாணப் பதிவில் கையெழுத்து வைக்கப்போவது யார்? அந்தப் பிள்ளை யாரைக் கட்டப்போகிறான்? வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். புதைத்ததைக் கண்ட சாட்சி இப்போது மீரான் காக்கா ஒருவர்தான். ஒரு கண் பார்வை போய்விட்டது, ஆனால் என் குரலை உடனே தெரிந்துகொண்டார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் பக்கத்தில் கிடந்த பாயைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"தங்கச்சி, சொன்னாக் கோவிக்கப்படாது" என்றார். "அந்தப் பேர்ல புள்ள ஜெயிச்ச எண்டு ரேடியோவில சொல்லக்குள்ள எல்லாம் நான் தோணியெடுத்துப் போய் அந்தக் கல்லப் பாக்கிற. நாங்க மூடின புள்ளையெல்லோ எண்டு எனக்குப் பயம். கல்லு கெடந்த மாதிரித்தான் கெடக்கும். ஆனா அதில இருந்து றோட்டு வரைக்கும் ஒத்தையடிப் பாத ஒண்டு விழுந்து கெடந்திச்சி. அந்தக் காட்டுக்குள்ள ஆரு போற? நடந்த பாதையும் இல்ல. அடி தூரத் தூர விழுந்திருக்கு."

"ஏன் காக்கா எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க சந்தோசமா இருந்தீங்க. எப்பிடிச் சொல்ற?"

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாதை இருக்கிறது. நீ ஓடாமல் விட்ட இந்த ஒரு வருடத்தில் புல் மூடத் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. நான் அதில் உட்கார்ந்து அழுதேன். மூத்தவளை நினைத்து இருபத்தைந்து வருடத்தில் நான் அழுதது அன்றுதான். அவள் போய்விட்டாள் என்று ஒத்துக்கொண்டால்தானே அழலாம். காக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். நகரத்தில் சட்டம் தெரிந்த பிரக்கிராசியார் ஒருவரிடம் விசாரித்தேன். மூத்தவளின் இறப்பைப் பதியலாம். உன் பிறப்பைப் பிந்திப் பதியலாம். ஆனால் அப்படிச் செய்தால், இந்த நாட்டில் வென்ற யோகமலர் மூன்று வயதில் இறந்துபோனவள் ஆகிவிடுவாள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வேலைக் கடிதம் எல்லாம் மாற்றவேண்டும். ஓடியதும் நான்தான் என்று நீ சத்தியக் கடதாசி கொடுக்கலாம், கொடுத்தாலும் பொய்ப் பத்திரத்தில் ஓடியவள் என்று யாராவது கிளப்பினால் உன் வெற்றிகளை அழித்துவிடவும் கூடும் என்றார். ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாம் இருக்கும், நீ மட்டும் செத்தவளின் பெயரில் தாலி கட்டிக்கொள்வாய். எனக்கு எது விருப்பம் என்று கேட்டால், நீ நீயாகக் கல்யாணம் செய்யவேண்டும். ஆனால் என் விருப்பத்தால் உனக்கு நடந்தது போதும். பதிவாளர் கந்தோரில் எல்லாம் எழுதி வைத்தாயிற்று, என் கையெழுத்து மட்டும் மிச்சம். நீ சொல்லாமல் அதை வைக்கமாட்டேன். மாப்பிள்ளையிடமும் காட்டு. இதை வாசித்துவிட்டு அவர் பயந்தால் இப்போதே பயப்படட்டும். உன்னைக் கட்டுகிறவர் உன்னை யார் என்று தெரிந்து கட்டவேண்டும்.

கந்தோரில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மீரான் காக்கா தன் பங்கைச் சொல்லிப் பெருவிரல் அடையாளம் வைத்தார். கிளாக்கர் இளம் பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். இறந்தவரின் பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், மூன்று என்றேன். எழுதிக்கொண்டு போனவர் பேனையை நிறுத்தினார்.

"ஓட்டக்காரி யோகமலரும் உங்கட பக்கம்தானே, அம்மா. அவ உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார்.

"ஓம். அவ என்ர ரெண்டாவது பிள்ளை" என்றேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஒரு மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எழுதியிருந்த பெயரையும் என்னையும் பார்த்தார்.

"அப்ப அவவின்ர பேர் என்ன?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மகள்.

அம்மா